மஞ்சளடித்த மானிட்டர்

போன வாரம் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினேன். பெட்டி மட்டும்தான். பழைய மானிட்டர் வீட்டில் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று நினைத்துவிட்டேன். கொண்டுவந்து பின்பக்கம் திருப்பிப் பார்த்தால், என் மானிட்டரின் ஒயரைச் செருக அதில் இடமே இல்லை. அந்தப் பழைய ஒயரை நீங்களும் பார்த்திருப்பீர்கள்: நீலத் தலை, உள்ளே வரிசையாக ஊசிகள், இரண்டு பக்கமும் திருகாணி. புதுப் பெட்டியில் இருந்ததெல்லாம் தட்டையான சின்ன ஓட்டைகள்.

"ஏட்டி, புதுசா ஒண்ணு வாங்க வேண்டியதுதான? இத எதுக்குக் கட்டிக்கிட்டு அழுத?" என்றாள் அம்மா. தென்காசிப் பக்கமிருந்து பனியன் வேலைக்காக மண்ணரைக்குக் குடிவந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. அம்மாவின் பேச்சு மட்டும் இன்னும் பஸ் ஏறவில்லை.

மானிட்டரின் முதுகைத் துடைத்தேன். இடுக்குகளில் பனியன் பஞ்சு ஒட்டியிருந்தது. அம்மாவும் நானும் முன்பு வேலை பார்த்த கம்பெனியின் பஞ்சு.

அங்கே கீழ்த்தளத்தில் அம்மா நாள் முழுக்க நின்றபடி, தைத்த பனியன்களில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பாள். மாடியில் எனக்கு, துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களின் மெயில் பார்க்கும் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்; உட்கார்ந்து சம்பாதித்த முதல் ஆளும் நான்தான். அதுவும் சக்கரம் வைத்த நாற்காலி. முதல் நாள் யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். மேனேஜர் பார்த்துவிட்டார். "கொஞ்ச நாள் பாக்கலாம் கண்ணு. சரிப்படலீன்னா வேற எடம் பாத்துக்கோணும்" என்றார்.

அப்போதுதான் குழந்தைச் சட்டை ஒன்றின் படத்தை பையர் அனுப்பி, இதே நிறத்தில் துணி வேண்டும் என்று கேட்டிருந்தார். என் திரையில் அது இளஞ்சந்தன நிறம். மேனேஜரும் பார்த்து, சந்தனம்தான் என்றார். சாயப்பட்டறை சுப்பு அண்ணன் சந்தனம் போட்டுக் கொண்டுவந்தார். அனுப்பினோம். நிறம் தப்பு என்று மெயில் வந்தது. இன்னும் வெளுப்பாகப் போட்டு அனுப்பினோம். அதுவும் தப்பு, இன்னொரு முறை தப்பினால் வேறு கம்பெனிக்குப் போய்விடுவோம் என்று பதில் வந்தது. மேனேஜர் என் நாற்காலியை ஒரு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தார்.

ப்ளீச்சிங் வாசனையோடு ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சுப்பு அண்ணன் மாடியேறி வந்தார். "ஏனுங்க சார், இதுக்கு மேல வெளுத்தா வெள்ளைதானுங்க வரும்."

"வெள்ளை வேணும்னா வெள்ளைன்னு எழுதமாட்டானா அவன்?"

அவர்கள் சண்டை போட, நான் பையருக்கு மன்னிப்பு எழுதப் புதுப் பக்கம் திறந்தேன். எழுத்தே இல்லாத அந்தப் பக்கமும் சந்தனமாக இருந்தது. தினமும் பார்த்த பக்கம்தான். கம்ப்யூட்டர் காகிதம் அந்த நிறத்தில்தான் இருக்கும் என்று, டிகிரி வாங்கிய நான் நம்பிக்கொண்டிருந்தேன். வெட்டி எறிந்த வெள்ளைப் பனியன் துண்டு ஒன்றை எடுத்துத் திரையோரம் வைத்தேன். துண்டு வெள்ளை, திரை மஞ்சள். சண்டை நின்றுவிட்டது.

மானிட்டர் ஒயரைக் கழற்றிப் பார்த்தால், ஓர் ஊசி வளைந்து கிடந்தது. நீலம் வரும் ஊசி அது; நீலம் குறைந்தால் வெள்ளை மஞ்சளாகிவிடும். ஓவர்லாக் மெஷினில் நூல் கோக்கும் சாமணத்தைக் கீழேயிருந்து வாங்கிவந்தேன்.

"ஒடஞ்சுபோச்சுன்னா?" என்றார் மேனேஜர்.

"ஒடையாதுங்க" என்றேன். ஒடிந்தால் மானிட்டரோடு நாற்காலியும் போய்விடும். ஊசி நிமிர்ந்தது. திருகாணிகளை முறுக்கி, திரையைப் போட்டேன். குழந்தைச் சட்டை பால் மாதிரி இருந்தது.

சுப்பு அண்ணன் துணியை உதறினார். "என்ற சாயத்தக் கொற சொன்னீங்களே சார். இந்தப் பொட்டிய ஒருக்கா ப்ளீச்சிங்குக்கு அனுப்புங்க."

வெள்ளைத் துணி அனுப்பினோம். ஆர்டர் வந்தது. நாற்காலியும் எனக்கே நிலைத்தது. பின்னாளில் ஆபீசுக்குப் புதுத் திரைகள் வந்தபோது, "இது உன்ற மானிட்டர் கண்ணு, எடுத்துக்கோ" என்றார் மேனேஜர். பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். "இதுக்கும் டிக்கெட் கேக்கப் போறான்" என்று வழியெல்லாம் அம்மா பயந்தாள்.

இப்போது அதே மானிட்டரின் ஒயரைப் பார்த்துக் கடைக்காரர், "இதெல்லாம் இன்னும் உசுரோட இருக்குதுங்களா?" என்றபடி விரல் நீளத்தில் ஓர் இணைப்பான் கொடுத்தார். மாட்டினேன். திரை கறுப்பாகவே இருந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். திருகாணிகளை முறுக்க மறந்திருந்தேன். முறுக்கியதும் வந்துவிட்டது. நான் கேட்காமலே அம்மா ஒரு வெள்ளைப் பனியன் துண்டைக் கொண்டுவந்து திரையோரம் பிடித்தாள். "வெள்ளதாம்ட்டி."

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. கட்டடம் அட்டைப்பெட்டிக் குடோனாகிவிட்டது. நான் சொந்தமாகச் சின்ன ஆர்டர்கள் எடுக்கிறேன். சாயம் சுப்பு அண்ணனிடம்தான். ஆனால் ஈரத்துணியோடு படியேறி வந்து யாரும் சண்டை போடுவதில்லை. சாயம் போட்ட துணியின் படம் போனில் வருகிறது, பின்னாலேயே அவர் குரல் வருகிறது:

"வெள்ளைதான் அம்மிணி. மஞ்சளாத் தெரிஞ்சா ஒயரப் பாரு."