பிப்ரவரி முப்பதாம் தேதியின் நாலு டிகிரி

எங்கள் மருந்துக் கிடங்கின் குளிர் அறையில் எப்போதும் நாலு டிகிரிதான். ஜனவரியில் வெளியே விரல் விறைத்தாலும் நாலு, ஜூனில் அனல் காற்று அடித்தாலும் நாலு. கதவில் ஓர் ஆணி, ஆணியில் ஒரு தாள். மாதம் பிறந்த அன்று காலையில் நான்தான் அந்தத் தாளை மேஜையில் விரித்து, காலைக்கு நாலு, மாலைக்கு நாலு என்று முப்பது நாளுக்கும் ஒரே மூச்சில் எழுதி மாட்டுவேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் வந்த வேலை அது. எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் எழுதினார். தப்பென்றே தோன்றியதில்லை.

தலைநகரில், கரோல் பாக் கடைவீதிக்குப் பின்சந்தில் இருந்தது கிடங்கு. தொண்ணூறுகளின் பிற்பாதி. மருந்துக் கம்பெனியிலிருந்து சோதனைக்கு வந்த அதிகாரி தாள்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர், ஒரு தாளில் நின்றார். எங்கள் மேனேஜரிடம் இந்தியில் மெதுவாகக் கேட்டார்: "பிப்ரவரி முப்பதாம் தேதியும் நாலு டிகிரிதானா?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். சிரித்துக்கொண்டே கேட்டார். மூன்று மாதம் கழித்து வருவேன், அப்போதும் இப்படி இருந்தால் இன்சுலின் உங்களுக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டு, தடியான ஓர் ஆங்கில விதிமுறைக் கோப்பை மேஜையில் வைத்துப் போனார்.

மேனேஜர் மதுரைக்காரர். கோப்பை என் பக்கம் தள்ளினார். "அடுத்த தடவை அந்தாளு கண்ணுல ஒண்ணும் படக் கூடாது. நீதான்யா பொறுப்பு."

நான் படித்தது பத்தாவதும் தட்டச்சும். மயூர் விஹாரிலிருந்து வருகிற பஸ்ஸில் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கோப்பைப் படித்தேன். கம்ப்ளையன்ஸ், அதாவது விதிப்படி நடப்பது, என்ற சொல்லையே அதில்தான் முதலில் பார்த்தேன். முக்கால்வாசி புரியவில்லை. புரிந்தது இவ்வளவுதான்: தப்பு அவர் கண்ணில் படுவதற்கு முன் நம் கண்ணில் படவேண்டும். கண்டதைச் சொன்னவரைத் திட்டினால், அதன் பிறகு யார் கண்ணிலும் எதுவும் படாது.

குளிர் அறைக்குள் அதிகம் போய் வந்தது, பெருக்கவும் ஐஸ் பெட்டி கட்டவும் தினக்கூலிக்கு வந்துகொண்டிருந்த அக்கா. சேலம் பக்கம். யமுனைக் கரைக் குடிசைகளில் இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது, எண்கள் மட்டும் தெரியும். பஸ் நம்பர் பார்த்துப் பார்த்து வந்த படிப்பு. காலை எட்டு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் வெப்பமானியைப் பார்த்து எழுத முடியுமா என்று அவரிடம் கேட்டேன்.

"இருக்கறத எழுதோணுமா தம்பி, நாலு எழுதோணுமா?"

"இருக்கறதத்தான். என்ன எழுதினாலும் உங்கள யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"யாரும்னா? சாரு கூடவா?"

"சாரும்தான்."

அன்றிலிருந்து தாளில் கோணல் மாணலாக எண்கள் விழுந்தன. அஞ்சு, மூணு, ஆறு. ஆறு வந்த அன்று நாங்கள் இருவரும் கதவைத் தடவிப் பார்த்து, ரப்பர் பிய்ந்திருந்த இடத்தைக் கண்டுபிடித்தோம். புது ரப்பர் போட்டதும் நாலுக்கு இறங்கியது. அந்த நாலைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஜூன் மாதம் ஒரு காலை நான் உள்ளே நுழையும்போதே மேனேஜர் அறையில் சத்தம். தாள் ஆணியில் இல்லை. அவர் கையில் இருந்தது. காலை எட்டு மணிக் கட்டத்தில் இரண்டு செங்குத்துக் கோடுகள். பதினொன்று. எட்டைத் தாண்டினால் இன்சுலின் கெடலாம் என்று கோப்பில் இருந்தது.

முந்தைய இரவு கரண்ட் போயிருக்கிறது. ஜெனரேட்டரில் டீசல் இல்லை. டீசல் நோட்டில் அந்த மாதம் முழுவதற்கும் 'சரி' என்று முதல் தேதியே எழுதியிருந்தது நான்தான். குளிர் அறைத் தாளின் பழக்கத்தை மாற்றிய நான் அந்த நோட்டைத் தொடவே இல்லை.

வாசலில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வேன். "பாய்சாப், ஜல்தி!" என்று டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான்.

"வேற தாள் எடு" என்றார் மேனேஜர். "நாலு எழுதி மாட்டு. வண்டிய அனுப்பு. நாளையிலேருந்து அந்தம்மாவ வரவேண்டாம்னு சொல்லிரு."

நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா கதவருகே துடைப்பத்தோடு நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறது.

"நான் எழுதலேன்னா சூடு எறங்கிருமா சார்?" என்றார்.

"நீ பேசாத!"

"பேசல சார். நான் நம்பருதான் எழுதினேன்."

ஹாரன் மறுபடி. நான் மேனேஜர் பக்கம் திரும்பினேன். "சார், இவங்கள அனுப்பிட்டா நாளைக்கு வர்றவங்க நாலுதான் எழுதுவாங்க. பிப்ரவரி முப்பதுக்கும் எழுதுவாங்க. உள்ள என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இந்தத் தாள்ல கை வைக்க என்னால முடியாது சார். கம்பெனிக்கு ஒரு போன் போடுங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரண்டு பேர் வேலையும் போய்விட்டது என்றே நினைத்தேன். என்ன நினைத்தாரோ, போனை எடுத்தார். அந்தப் பக்கத்துக்காரர் என்ன கேட்டார் என்பது இவர் கண்கள் தாளுக்குப் போனதில் தெரிந்தது. அந்தத் தாளை அவர் படித்து அன்றுதான் பார்த்தேன். விரல் வைத்து, ஒவ்வொரு கட்டமாக.

"நேத்து சாயங்காலம் ஏழு மணிக்கு அஞ்சு... ஹாங் ஜி, பக்கா."

முந்தைய நாள் மாலை ஏழு மணிவரை வெளியே போன பெட்டிகளுக்குப் பயமில்லை, எதையும் திரும்ப வாங்க வேண்டாம். உள்ளே இருப்பதில் ஒன்றுகூட வெளியே போகக்கூடாது, தனியாக வையுங்கள், நாங்கள் வந்து பார்க்கிறோம் என்றது கம்பெனி. தாளில் வெறும் நாலாக இருந்திருந்தால் எது நல்லது, எது கெட்டது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

மேனேஜர் போனை வைத்தார். வேனைத் திருப்பி அனுப்பச் சொன்னார். பிறகு அக்காவைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "எட்டு மணிக்குப் பாக்கறத, வண்டி வர்றதுக்கு முன்னாடி ஏழு மணிக்கே பாக்கச் சொல்லு."

"ஏழுக்கு வந்தா டீ உண்டா சார்?" என்றார் அக்கா. அவர் தாளை மறுபடி ஆணியில் மாட்டப் போனார்.

மத்தியானம் பெட்டிகளைத் தனியாக அடுக்கிக்கொண்டிருந்தோம். அக்கா சட்டென்று கேட்டார்: "ஏந்தம்பி, சாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாருன்னியே, அவருகிட்ட முன்னாடியே கேட்டுக்கிட்டயா?"

"இல்லக்கா."

கையிலிருந்த பெட்டியை இறக்கி வைத்தார். "அப்ப நீயும் எனக்கு நாலு எழுதித்தான் காட்டியிருக்க."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

மறுநாள் அவர் வருவதற்கு முன் தாளின் தலைப்பில் ஒரு வரி எழுதினேன். எந்த எண்ணை எழுதினாலும் எழுதியவர் மேல் நடவடிக்கை கிடையாது. மேனேஜர் இரண்டு தடவை படித்தார், பேனாவைத் தேடுவது போலக் கொஞ்ச நேரம் தேடினார், கடைசியில் கையெழுத்துப் போட்டார். அக்கா அந்த வரியை என்னை இரண்டு முறை படிக்கச் சொன்னார். கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது சாரு போட்டதா, நீ போட்டதா?" என்றார்.