கண்மாயில் என்னை இடித்தவர்

போன வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருமங்கலம் தாண்டி வறண்டு கிடந்த ஒரு கண்மாய்க்குள் நடந்தது இது. மண்பாதையில் பைக் பந்தயம் ஓட்டுவதை எங்கள் பக்கம் முதன்முதலில் தொடங்கிவைத்த இரண்டு நண்பர்களில் ஒருவர் இறந்துபோயிருந்தார். அவரைப் பார்த்து ஓட்ட வந்தவர்கள் நாற்பது பேருக்கு மேல், அவருடைய படத்துக்கு மாலை போட்டுக் கூடியிருந்தார்கள். அலுவலக நண்பர் ஒருவர் கூப்பிட்டார் என்று நானும் வில்லாபுரத்திலிருந்து கிளம்பிவிட்டேன். ஏன் போனேன் என்று எனக்கே புரியவில்லை. இருபத்தைந்து வருடமாக நான் திட்டிக்கொண்டிருந்த ஆள், இறந்துபோன அவர்.

எனக்கு இருபத்திரண்டு வயதில், இதே மாதிரி ஒரு கண்மாயில் நடந்த பந்தயத்தில் ஓட்டினேன். அதுதான் முதலும் கடைசியும். அவர் எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தார். நான் ஒரு முழுச் சுற்று பின்தங்கியிருந்தேன். ஒரு திருப்பத்தில் பின்னாலிருந்து வந்து அவர் வண்டி என்னை இடித்தது. என் வண்டி என் மேலேயே விழுந்தது. அப்புறம் ஆஸ்பத்திரியில்தான் கண் விழித்தேன். காறை எலும்பு முறிந்திருந்தது. இடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டான் என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அவரே இரண்டு முறை பார்க்க வந்தார். முகத்தைக்கூடப் பார்க்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பினேன். வண்டியை விற்றுவிட்டு, தல்லாகுளத்தில் எழுத்தர் வேலையில் சேர்ந்துவிட்டேன்.

கூட்டத்தில் முதலில் ஒரு பெண் பேசினார். பந்தயம் ஓட்டுகிறவர். "நான் விழுந்தப்ப சிரிக்காத ஒரே ஆளு அவருதான்" என்றார். அடுத்து, இறந்தவரோடு சேர்ந்து பந்தயத்தைத் தொடங்கிய அந்த நண்பர் மைக்கைப் பிடித்தார்.

"ஒரு பந்தயத்துல இவன்தான் முன்னால போய்க்கிட்டிருந்தான். ஒரு பய வண்டிக்கு அடியில மாட்டிக்கிட்டான். பெட்ரோல் ஒழுகுது. அம்புட்டுப் பேரும் சுத்திக்கிட்டுப் போறாய்ங்க. இவன் வண்டியைப் போட்டுட்டு, அவனை இழுத்துத் தோள்ல தூக்கிக்கிட்டு ரோடு வரைக்கும் ஓடுனான். கப்பு போச்சு."

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. அந்தப் பயல் நான்தானா? அப்படியானால், இடித்ததை ஏன் சொல்லாமல் விட்டார்?

ஓரமாக உட்கார்ந்திருந்த, இறந்தவருடைய மனைவியிடம் போனேன். "அந்த ஆளு நான்தாங்க" என்றேன்.

அவர் எழுந்தே விட்டார். "காறை எலும்பு ஒடிஞ்சதே, நீங்களாண்ணே? இந்தக் கதையை யாரு சொன்னாலும் அவருக்குக் கோவம் வரும். இடிச்சதே நான்தான், தூக்குனதுல என்னடா பெருமைம்பாரு. உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க முடியாமப் போச்சுன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாரு."

நான் சொல்லி வந்தது சரிதான் என்று மனசு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. அதற்குள் மைக்கை வைத்துவிட்டு அந்த நண்பரும் பக்கத்தில் வந்து நின்றார். என்னை உற்றுப் பார்த்தார்.

"நீங்கதானா அது? அவன் எங்கய்யா இடிச்சான்? நீங்க பின்னால பாக்காமக் குறுக்க வந்தீங்க. நான் கண்ணால பாத்தேன். அதை எவன்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டான். அடிபட்டுக் கெடக்குறவன் தலையில பழியையும் போடாதேன்னான்."

அந்தத் திருப்பத்தை ஞாபகத்துக்குக் கொண்டுவரப் பார்த்தேன். திரும்பிப் பார்த்தேனா, இல்லையா? இருபத்தைந்து வருடம் நான் சொல்லிச் சொல்லி வளர்த்த கதைதான் வந்து நின்றது. அதற்கடியில் ஒன்றுமே இல்லை.

"தப்பு என் பேர்லயும் இருக்கலாம்மா" என்றேன் அந்த அம்மாவிடம். "எனக்குச் சரியாத் தெரியல."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "அவரு இருந்தா உங்ககூடச் சண்டைக்கு வந்திருப்பாரு. இல்ல, என் தப்புதான்னு."

படத்தின் முன்னால் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்பதா, மன்னித்தேன் என்பதா என்று தெரியாமல், கும்பிட்டுவிட்டு மட்டும் வந்தேன்.

யார் தப்பு என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு மனிதரை அவ்வளவு உறுதியாக வெறுத்திருக்கிறேன் என்ற நினைப்பு, யாரையாவது குற்றம் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் என்னைப் பிடித்து நிறுத்துகிறது.