வளைவிலிருந்து பார்த்தது

கோகிலா அக்காவின் பெயரைக் கெடுத்தவள் நான்தான். அவர்மேல் தவறில்லை என்று தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தவளும் நான்தான்.

உங்களை எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. தெரிந்தவர்களிடம் சொல்லியிருப்பேனா? மாட்டேன்... தெரிந்தவர்களை நான் நம்புவதே இல்லை.

செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரம் என் ஊர். பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. அதோடு ஹாக்கி நடுவர். கோகிலா அக்கா மலேசியத் தமிழர், அவரும் நடுவர். சென்னையில் நடந்த பன்னாட்டுப் பெண்கள் ஹாக்கிப் போட்டியில் நாங்கள் இருவரும் ஜோடி. மைதானத்தில் ஆளுக்கொரு பாதி. காதில் மாட்டிய கருவியில் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கும். பந்து காலில் பட்டதா என்பது எனக்குத் தெரியாமல் போனால் அவரைக் கேட்பேன். "பட்டுச்சு லா" என்று மலேசியப் பேச்சில் சொல்வார். உடனே விசில் ஊதுவேன். பார்க்காததற்கு ஊதக் கூடாது, சந்தேகம் வந்தால் ஜோடியைக் கேட்க வேண்டும்... எங்கள் வேலையில் முதல் பாடமே அதுதான்.

இறுதிப் போட்டிக்கு ஒரு நடுவர் பெயர் முடிவாகிவிட்டது. இன்னோர் இடத்துக்கு அக்காவா, நானா என்று பேச்சு. உனக்குக் கிடைத்தாலும் எனக்குச் சந்தோஷம்தான் என்று அக்கா சிரித்தார். அப்போதே எனக்கு உறுத்தியது. ஒருத்தி இதை மனசாரச் சொல்வாளா? நான் சொல்ல மாட்டேனே!

அரையிறுதிக்கு முன்பு ஓய்வு நாள் வந்தது. அதிகாரிகளை எங்கே அழைத்துப் போகலாம் என்றபோது, எங்கள் செஞ்சிக் கோட்டைக்கு என்று முந்திக்கொண்டவள் நான். போட்டியின் தலைமை அதிகாரி ஒரு வெள்ளைக்கார அம்மாள், கறாரானவர். ஓய்வு நாளானாலும் எந்த அணியின் ஆட்களோடும் தனியே நின்று பேசக் கூடாது என்று பேருந்திலேயே சொல்லிவிட்டார். கோட்டை வாசலில் இறங்கினால், அரையிறுதியில் ஆடவிருந்த ஓர் அணியின் பேருந்தும் அங்கே நின்றது.

கோட்டை மலையான ராஜகிரியின் அடிவாரத்திலேயே அக்கா நின்றுவிட்டார். வெயில் தாங்கவில்லை, நீங்கள் ஏறுங்கள் என்றார். ஆட்டம் முழுக்க ஓடுகிறவருக்கு வெயிலா? எனக்கு நம்பிக்கை வரவில்லை. படியேறிக்கொண்டே இருந்தவள் ஒரு வளைவில் நின்று கீழே பார்த்தேன்.

அடிவாரத்துப் பழைய நெற்களஞ்சியத்தின் பின்சுவர் ஓரம் அக்கா நின்றார். எதிரே அந்த அணியின் பிசியோதெரபிஸ்ட். அவன் எதையோ கொடுத்தான். அக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

எனக்கு வருத்தம் வரவில்லை. நான் நினைத்தது சரியாய்ப் போயிற்று என்று மனம் குதித்தது... ஆம், குதித்தது!

இறங்கி வந்தேன். மலையேறாமல் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த அதிகாரியம்மாவிடம் போய், கண்டதைச் சொன்னேன். கோகிலா அந்த அணியின் ஆளோடு தனியாக நின்றார், அவன் எதையோ கொடுத்தான், என்னவென்று தெரியாது. ஒவ்வொரு சொல்லும் உண்மை. கொஞ்சம் தயங்கித் தயங்கிச் சொன்னேனே, அந்தத் தயக்கம் மட்டும்தான் நடிப்பு.

ஏன் பாதியிலேயே இறங்கிவிட்டாய் என்று அக்கா கேட்டார். "அந்த மொத வளைவு வரைக்கும் போனேன்க்கா, முடியல" என்றேன்.

மதியம் செஞ்சியில் ஓர் ஓட்டலில் சாப்பாடு. கை கழுவுகிற இடத்தில் அக்கா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். கால்சட்டையை மேலே ஏற்றிக் காட்டினார். முட்டி வீங்கிப் பளபளவென்றிருந்தது. அதைச் சுற்றிப் புதிதாக ஒட்டிய நீலப் பட்டை.

"இன்னாக்கா இது, இப்டி வீங்கிக்கிடக்குது?"

"யார்ட்டயும் சொல்லிடாத லா. நம்ம டாக்டர்ட்ட போனா லிஸ்ட்லேருந்து பேர எடுத்துடுவாங்க. அந்தப் பிசியோகிட்ட கெஞ்சி இந்த டேப்ப வாங்கினேன். எனக்கு இதான் கடைசி வருசம். ஒரு பைனல் ஊதிட்டுப் போயிடுறேன்."

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். மேசைக்குத் திரும்பி உட்கார்ந்தேன். அதிகாரியம்மா இரண்டு மேசை தள்ளித்தான் இருந்தார். எழுந்து போயிருக்கலாம்...

சாயங்காலம் சென்னைக்குத் திரும்பியதும் அக்காவை அறைக்குள் அழைத்து விசாரித்தார்கள். அவன் என்ன கொடுத்தான் என்ற கேள்விக்கு, சொந்த விஷயம் என்பதற்கு மேல் அவர் பேசவில்லையாம். முட்டியைக் காட்டினால் இறுதிப் போட்டி போய்விடும் என்று பயந்திருக்கிறார். பேசாததாலேயே எல்லாம் போயிற்று. நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றைக் கவனித்தீர்களா? நான் கதவைத் தட்டி முட்டியைப் பற்றிச் சொல்லியிருந்தால், அவருக்கு இறுதிப் போட்டிதான் போயிருக்கும், பெயர் பிழைத்திருக்கும். அந்த இடம் எப்படியும் எனக்குத்தான் வந்திருக்கும்! பிறகு ஏன் தட்டவில்லை? தட்டினால், கோள் சொன்னவள் யாரென்று அவருக்குத் தெரிந்துவிடும். ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறோமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என்ன ஒரு யோக்கியதை பாருங்கள்!

இறுதிப் போட்டியை நான் ஊதினேன். செஞ்சிக் கடைத்தெருவில் என் படம் போட்டுப் பேனர் வைத்தார்கள். என் பெண் யார் பக்கமும் சாயாமல் ஊதுவாள் என்று நைனா டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

அக்காவை அதன் பிறகு எந்தப் போட்டிக்கும் அழைக்கவில்லை. ஊருக்குக் கிளம்புகிற அன்று என்னைக் கட்டிக்கொண்டார். "நீதான்டி என் முட்டி விஷயத்த யார்ட்டயும் சொல்லல. மறக்க மாட்டேன்."

அந்தக் கையை இன்னமும் முதுகில் உணர்கிறேன்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் போன் செய்கிறார். குரலில் கசப்பே இல்லை. அதுதான் எனக்குப் பயம். பெயர் கெட்டவளுக்குக் கசப்பு இருக்காதா? தெரிந்துகொண்டே விளையாடுகிறாரா? சிரித்தால் ஏன் சிரித்தார் என்கிறேன். பேச்சை நிறுத்தினால் ஏன் நிறுத்தினார் என்கிறேன். அவரைச் சந்தேகப்பட்டுத்தானே இந்தப் பாவம் செய்தேன்... இன்னமும் அவரைத்தான் சந்தேகப்படுகிறேன்!

போன வாரம் மறுபடி அழைத்தார். முட்டிக்கு ஆபரேஷன் ஆகிவிட்டதாம், நன்றாக நடக்கிறாராம். பொங்கலுக்குச் செஞ்சி வருகிறாராம்.

"இந்த வாட்டி மல ஏறணும் லா. உச்சி வரைக்கும் வேணாம். நீ அன்னிக்கு நின்னியே, அந்த வளைவு வரைக்கும் போதும். அங்கேருந்து கீழ பாத்தா என்னெல்லாம் தெரியும்?"

சாதாரணமாகத்தான் கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டாரா?

"எல்லாம் தெரியும்க்கா, வாங்க" என்றேன்.