தாமஸ் மாட்டினாரா? ஃபுஜைராவுக்கு ஒரு வெள்ளிக்கிழமை

இந்தப் பயணம் நடந்தது 2006 நவம்பரில். எழுதுவது 2008ல். இரண்டு வருடம் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். துபாயிலிருந்து ஃபுஜைராவுக்கு ஒருநாள் போய்வர நினைப்பவர்களுக்கு நேரம், தூரம், செலவு எல்லாம் கீழே இருக்கிறது. ஒரே ஓர் இடத்துக்கு மட்டும் வழி சொல்லமாட்டேன். அதற்கும் அதே காரணம்தான்.

நான் ஒரு கட்டுமான நிறுவனத்தில் டாக்குமென்ட் கன்ட்ரோலர். சைட்டுக்குப் போகும் வரைபடங்களுக்கு நம்பர் போட்டு, முத்திரை குத்தி, கேட்கும்போது எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஆபீஸ் ஜெராக்ஸ் மெஷின் என் ராஜ்ஜியம். தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்க வந்த அமெரிக்க அம்மா டெனிஸ் அங்கேதான் எனக்குப் பழக்கம். கறுப்பினப் பெண்மணி, ஐம்பத்தெட்டு வயது, மேரிலாந்து மாநிலத்துக்காரர். ஒருநாள் மங்கிப்போன தாள் ஒன்றைக் கொண்டுவந்து, பெரிதாக்கி நகலெடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்.

அது அமெரிக்கா இன்னும் இங்கிலாந்தின் கையில் இருந்த காலத்துச் செய்தித்தாள் விளம்பரம். ஓடிப்போன வேலைக்காரனைப் பிடித்துத் தருபவருக்குப் பரிசு என்று ஒரு முதலாளி கொடுத்தது. பெயர் தாமஸ். கிழக்கிந்தியாவில் பிறந்தவன், அதாவது அந்தக் காலத்து வெள்ளைக்காரர் பேச்சில் நம் இந்தியா முழுவதும். நீளமான கறுப்பு முடி, இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு, இரண்டு காதிலும் பெரிய துளை. படகு விடவும் வலை பின்னவும் கெட்டிக்காரன். இந்தத் தாமஸ்தான் டெனிஸின் குடும்பத்துக்கு மூதாதை.

பதினெட்டு வருடமாக டெனிஸ் தாமஸின் வாரிசுகளைப் பழைய பதிவேடுகளில் தேடிக்கொண்டிருந்தார். விளம்பரத்துக்குப் பிறகு எட்டு வருடம் தாமஸ் எந்தத் தாளிலும் இல்லை. பிறகு பக்கத்து மாவட்டத்தின் தேவாலயப் பதிவேட்டில் ஒரு பெண் குழந்தைக்கு ஞானஸ்நானம். அப்பா கிழக்கிந்தியர் தாமஸ், அம்மா ஒரு வெள்ளைக்காரி. அந்தப் பெண் வளர்ந்து, வெள்ளைக்காரிக்குப் பிறந்த தன்னை அடிமையாக வைத்திருக்க யாருக்கும் உரிமையில்லை என்று நீதிமன்றத்தில் மனுப் போட்டிருக்கிறாள். அதில் சாட்சி சொன்ன பக்கத்து வீட்டுக்காரர் அவள் அப்பாவின் காதுத் துளைகளைச் சொல்லியிருக்கிறார். ஆள் அவரேதான் என்று டெனிஸுக்குத் தெரிந்தது அப்படித்தான். மகளின் பிள்ளைகள் வரிப் பட்டியலில் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் மக்கள்தொகைக் கணக்கில். குமாஸ்தா மாற மாறக் குடும்பத்தின் நிறமும் மாறியது என்று டெனிஸ் சிரித்தார். ஒருவர் கிழக்கிந்தியர் என்று எழுத, அடுத்தவர் கலப்பு என்று எழுத, அதற்கடுத்தவர் கறுப்பர் என்று எழுதி முடித்துவிட்டாராம்.

எல்லாம் கிடைத்தது, ஒன்றைத் தவிர. குடும்ப மரத்தின் முதல் கட்டத்தில் 'பிறந்த ஊர்' என்ற இடம் காலியாக இருந்தது. ஊரில் இருக்கும் டெனிஸின் எண்பத்தாறு வயது அம்மா ஒவ்வொரு ஞாயிறும் போனில் கேட்பாராம், அந்த மனுஷர் எங்கிருந்து வந்தார் என்று.

இங்கேதான் என் வாய் சும்மா இருக்கவில்லை. நான் பரமக்குடிப் பக்கம். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்து ஆண்களும் காது வளர்த்தவர்கள். பெரிய துளை என்று படித்ததும், "மேடம், இது எங்க ஊர் ஆள்தான், சந்தேகமே இல்லை" என்று அடித்துச் சொல்லிவிட்டேன். டெனிஸின் முகம் பூத்துவிட்டது. அன்றைக்கே அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லியும்விட்டார். அதன்பிறகுதான் எனக்கு உறைத்தது. காது குத்தாத ஊர் இந்தியாவில் ஏது? இரண்டு மாதம் சொல்லமுடியாமல் விழுங்கிக்கொண்டிருந்தேன். டெனிஸின் கான்ட்ராக்ட் முடிந்து ஊருக்குக் கிளம்பப் பதினோரு நாள் இருந்தபோது, இந்தியாவைப் பார்த்த கடல் எது, அங்கே கூட்டிப்போக முடியுமா என்று கேட்டார். போகிற வழியில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை 6.40க்கு தேரா டாக்ஸி ஸ்டாண்டில் கிளம்பினோம். சீட்டுக்கு 25 திர்ஹாம். முழு வண்டியாகப் போகவர 300க்குப் பேசினோம். நானே ஓட்டியிருக்கலாம், ஆனால் ஐந்து முறை டெஸ்டில் தோற்றவனை நம்பி யார் வண்டி கொடுப்பார்கள்? டிரைவர் கான் பாய், பெஷாவர்க்காரர். தைத் வரை 65 கிலோமீட்டரும் மணல்தான். அங்கிருந்து மஸாஃபி 30 கிலோமீட்டர், அதில் மலை தொடங்கிவிடும். வலது பக்கம் உட்காருங்கள், காலை வெயிலில் மலைகளின் நிறம் நன்றாகத் தெரியும். இந்த விவரமெல்லாம் நன்றாகக் கவனித்தேன். சொல்ல வேண்டியதைத்தான் சொல்லவில்லை.

7.55க்கு மஸாஃபியில் டீ. கடைக்காரர் மலையாளி. வெள்ளிக்கிழமையில் இந்த அம்மாவோடு எங்கே என்று கேட்க, நான் சுருக்கமாகத் தாமஸ் கதையைச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை.

"சாரே, அது கொல்லம்காரன். படகும் வலையும்னு சொன்னாப் பின்னே வேற யாரு?"

கான் பாய் விடுவாரா? "படகா? அப்படின்னா கராச்சி ஆள்" என்றார் ஹிந்தியில்.

டெனிஸ் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டார். எல்லோரும் தாமஸுக்குச் சொந்தம் கொண்டாடுகிறார்கள் என்றேன். வாய்விட்டுச் சிரித்து, "அவர்களிடம் சொல்லுங்கள், ஏற்கெனவே உங்கள் ஊர் என்று முடிவாகிவிட்டது" என்றார். டீ நாக்கைச் சுட்டது. மூன்று டீ, மூன்று பரோட்டா, ஆறு திர்ஹாம்.

ஃபுஜைரா ஊருக்குள் நுழையும்போது மணி 8.50. தேராவிலிருந்து மொத்தம் 130 கிலோமீட்டர். அதற்கப்புறம் கடலோரமாகப் போனோம். எந்தப் பக்கம், எத்தனை கிலோமீட்டர் என்று எழுதப்போவதில்லை. ஒரு மீனவர் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தோம். முனியசாமி அண்ணன் அங்கே ஒரு அரபியின் படகில் வேலை செய்கிறார். தொண்டிப் பக்கத்துக்காரர், முன்பு துபாய் சத்வாவில் எங்கள் ரூமுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் வந்துகொண்டிருந்தவர். கடல்காரர் யாராவது தாமஸின் வலையையும் தழும்பையும் கேட்டு உருப்படியாக ஏதாவது சொன்னால், என் பொய்க்கு ஒரு முட்டு கிடைக்குமே என்ற நப்பாசை எனக்கு.

கொட்டகையில் ஐந்து பேர், எல்லோரும் ராமநாதபுரம் ஜில்லா. வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள். வலையின் கிழிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டெனிஸுக்கு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, மேலே துண்டை விரித்தார்கள்.

"வாங்கம்மா, உக்காருங்க. தம்பி, அந்தம்மா நம்ம குழம்பு சாப்புடுவாகளா?" என்றார் முனியசாமி அண்ணன்.

டெனிஸ் தாளை எடுத்துக் கொடுத்தார். நான் வரிவரியாகத் தமிழில் சொன்னேன். முடி, தழும்பு, காது, உடுத்தியிருந்த நீலச் சட்டை, பிடித்துத் தந்தால் பரிசு. கடைசி வரி, இவனுக்கு வேலையோ இடமோ கொடுப்பவர்கள் சட்டப்படி தண்டிக்கப்படுவார்கள் என்பது. அதைச் சொன்னபோது வலையிலிருந்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன.

"இது எப்பத்திய பேப்பரு?"

"இருநூறு வருசத்துக்கு மேல ஆச்சுண்ணே."

"அப்பவும் இப்புடியேதான் எழுதுனாகளா?"

எந்த ஊர்க்காரராக இருக்கும் என்று கேட்டேன். யாரும் காதில் வாங்கவில்லை. முனியசாமி அண்ணன் என் முழங்கையைப் பிடித்தார்.

"அது கெடக்கட்டும் தம்பி. ஆளு மாட்டுனாரா, இல்லையா? அதக் கேளு மொதல்ல."

நான் டெனிஸிடம் சொன்னேன். பதினெட்டு வருடத்தில் இதை யாருமே கேட்டதில்லை என்றார் அவர். சொந்தக்காரர்கள் ஊரைக் கேட்பார்கள், படித்தவர்கள் ஆதாரத்தைக் கேட்பார்கள். பிறகு அண்ணனையே பார்த்துத் தலையை ஆட்டினார். "மாட்டவில்லை. கடைசிவரைக்கும் மாட்டவில்லை."

நான் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் ஒருவர் தொடையில் அடித்துக்கொண்டு "சபாசு!" என்றார். இன்று காலையில் வந்த சேதி போல ஆளுக்கொரு கேள்வி. எப்படித் தப்பினார்? ஆற்றைக் கடந்து அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும். கல்யாணம் கட்டினாரா? கட்டினார். சாகும்போது என்ன வைத்திருந்தார்? நீதிமன்றம் எடுத்த பட்டியல் டெனிஸிடம் இருந்தது: ஒரு சிறு படகு, இரண்டு வலை, ஒரு இரும்புச் சட்டி.

"சொந்தப் படகா?" என்றார் அண்ணன். "பெறகென்ன, நல்லாத்தான் இருந்திருக்காரு. இப்ப அவரு வம்சத்துல எம்புட்டுப் பேரு?"

போன கோடையில் குடும்பச் சந்திப்புக்கு வந்தவர்கள் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் என்றார் டெனிஸ். "ஒத்த ஆளுலருந்தா?" என்று அண்ணன் மெல்லக் கேட்டார். எழுந்துபோய்த் தன் தகரப் பெட்டியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றைக் கொண்டுவந்தார்.

அதுவும் செய்தித்தாள் துண்டுதான், நான்கு வருடம் பழையது. முனியசாமி அண்ணனின் போட்டோ, பாஸ்போர்ட் நம்பர். இவர் எங்கள் கம்பெனியை விட்டு ஓடிவிட்டார், வேலையோ இடமோ கொடுப்பவர்கள்மேல் நடவடிக்கை எடுக்கப்படும். மகள் பிறந்ததைப் பார்க்க லீவு கேட்டிருக்கிறார். மாஃபி, கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். மறுவருடமும் மாஃபி. பாஸ்போர்ட் கம்பெனியிடம், இவர் கேம்ப்பிலிருந்து நடந்தே வெளியேறிவிட்டார். மகளை அன்றுவரை போட்டோவில்தான் பார்த்திருந்தார். எங்கள் ரூமுக்கு வருவதை ஏன் நிறுத்தினார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

டெனிஸ் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காற்றுக்குப் பறக்காமல் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். சோறு வெந்துவிட்டது என்று யாரோ கூப்பிட்டார்கள். சீலா மீன் குழம்பு. டெனிஸ் கையால் பிசைந்து இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் ஓரம் நடந்தோம். ஜும்மா தொழுதுவிட்டு வந்த கான் பாயிடம் இந்தியா எந்தப் பக்கம் என்று டெனிஸ் கேட்டார். "நேரா பாக்கிஸ்தான்" என்று கையை நீட்டி, கொஞ்சம் நகர்த்தி, "இந்தியா தோடா ரைட்" என்றார். டெனிஸ் அந்தக் கொஞ்சம் ரைட்டைப் பார்த்து நின்றார். இதற்குமேல் தள்ளிப்போட முடியாது என்று சொல்லிவிட்டேன். "மேடம், அவர் எங்க ஊர்னு சொன்னது நான் வாய்க்கு வந்தபடி சொன்னது. எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

"ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?"

"உங்க சந்தோஷத்தைப் பார்த்தேன்."

"அம்மாவிடம் இப்போது என்ன சொல்வேன்?" என்றார். கோபப்பட்டிருந்தால் தேவலை. திரும்பிக்கொண்டு செருப்பைக் கையில் எடுத்துத் தண்ணீருக்குள் இறங்கி நின்றுவிட்டார். அவமானத்தில் எனக்குக் காது சூடேறியது.

அண்ணன் வந்து என்ன ஏது என்று கேட்டார். சொன்னேன். "படிச்சவன் பேசுற பேச்சா இது?" என்று முதலில் எனக்கு ஒரு திட்டு. பிறகு தண்ணீர் வரைக்கும் போய், என்னை மொழிபெயர்க்கச் சொன்னார்.

"அம்மா, எந்த ஊருன்னு எழுதித் தரச் சொன்னா என்னால முடியாது. ஆனா ஆளு மாட்டலைல? அது உறுதிதான? அத அம்மாகிட்டச் சொல்லுங்க."

டெனிஸ் அவரைப் பார்த்தார். பையிலிருந்து நோட்டை எடுத்து, அதை உங்கள் கையால் எழுதித் தாருங்கள் என்றார். ஐந்தாம் வகுப்பு வரை படித்த முனியசாமி அண்ணன், கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்: ஆள் மாட்டல.

4.10க்குக் கிளம்பி 6.30க்கு தேரா வந்தோம். வழியில் டெனிஸ் தூங்கிவிட்டார். இறங்கும்போது என் கையைப் பிடித்து, "நீங்கள் சொன்னது பொய்தான், ஆனால் அம்மா இரண்டு மாதம் சந்தோஷமாக இருந்தார்" என்றார். மன்னித்தாரா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். இப்போது வாடகை கூடியிருக்கும், ஸ்டாண்டில் பேசிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மதியம் டிரைவர் தொழுகைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பழைய பதிவேடுகளில் முன்னோரைத் தேடுகிறவர்கள் பெயரை மட்டும் நம்பவேண்டாம், தழும்பையும் தொழிலையும் சொத்துப் பட்டியலையும் பாருங்கள் என்று டெனிஸ் சொல்லச் சொன்னார். நான் சொல்வது, யாரையும் நம்ம ஊர்க்காரர் என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். அந்தக் கொட்டகையைத் தேடியும் போகாதீர்கள். மற்ற நான்கு பேர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், அவர்களில் யாரிடம் விசா காகிதம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்று எனக்குத் தெரியாது.

அடுத்த கோடையில் டெனிஸ் ஒரு போட்டோ அனுப்பினார். குடும்பச் சந்திப்பில் சுவர் நீளத்துக்கு ஒட்டிய மரம், பக்கத்தில் சக்கர நாற்காலியில் அவர் அம்மா. முதல் கட்டத்தில் பிறந்த ஊர் இன்னும் காலிதான். அதன் கீழே, நோட்டிலிருந்து அப்படியே பெரிதாக்கி, முனியசாமி அண்ணனின் கோணல் எழுத்து. அதை அண்ணனிடம் காட்டுவதற்குள், விசா இல்லாமல் தங்கியிருப்பவர்களுக்குப் பொதுமன்னிப்பு அறிவித்தார்கள், அவரும் வரிசையில் நின்று பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகத் தரும் அவுட்பாஸ் வாங்கி ஊருக்குப் போய்விட்டார். பழைய கேஸ் ஏதாவது மிச்சம் இருக்குமோ என்று பயந்துதான் இத்தனை நாள் எழுதவில்லை. போன வாரம் தொண்டியிலிருந்து போன் வந்தது. பின்னால் ஒரு சிறுமி யாரையோ சத்தம்போட்டு அதட்டிக்கொண்டிருந்தாள்.

"கேக்குதா தம்பி? என் மகதான். அந்தம்மாவுக்கு ஒரு கடுதாசி போடு. நானும் மாட்டலன்னு எழுது."