என் மனுசனின் பவளம்

எனக்கு எரிச்சல் குணம் உண்டு. ஊரறிந்த விஷயம், மறைத்து என்ன? பக்கத்து வீட்டுக் கறியை என் மனுசன் நல்லாயிருக்கு என்று சொன்னாலே எனக்குச் சோறு இறங்காது. ஆனால் உலகத்திலேயே இல்லாத ஒருத்திக்காகச் சண்டை பிடித்தது போன மாசி மாதம்தான்.

என் மனுசனின் பெயர் யேசுரட்ணம். பாலையூற்றில் போட் எஞ்சின் திருத்துகிற ரட்ணம் என்றால் எல்லோருக்கும் தெரியும். தங்கமான மனுசன் என்பார்கள். அந்தத் தங்கம்தான் ஒரு காலத்தில் குடித்துவிட்டு, துறையில் வந்த வாய்த்தர்க்கத்தில் துடுப்பால் அடித்து ஒருவரின் கண்ணைக் கெடுத்தது. பொய் வழக்கெல்லாம் இல்லை, இவர் செய்ததுதான். ஆறு வருடம் சிறையில் இருந்தார். வெளியே வந்தபிறகு குடியைத் தொடவில்லை. வந்த கிழமையே கண் போன மனிதரின் வீட்டுக்குப் போய், அவர் ஏசி முடிக்கும்வரை வாசலில் தலைகுனிந்து நின்றார். இப்போது அந்த மனிதரின் எஞ்சின் பழுதானாலும் இவரைத்தான் கூப்பிடுகிறார்.

இந்த மாற்றத்துக்கு ஆளாளுக்கு உரிமை கொண்டாடுவார்கள். கோயிலில் ஜெபக்கூட்டம் நடத்துகிறவர்கள் "எங்கட ஜெபம்" என்பார்கள். இவருடைய தமக்கை, தான் வைத்த நேர்த்திக்கடன் என்பார். நான் வாயைத் திறப்பதில்லை. இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துவிட்டு, மீன் பொரியலும் சம்பலும் கட்டிக்கொண்டு, மாதாமாதம் பஸ் ஏறி அந்தத் தூரத்துச் சிறைக்குப் போனவள் நான். என் முகத்தைப் பார்த்துத்தான் இந்த மனுசன் தேறி வந்தது என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையில்தான் றுவைஸ் வந்து மண்ணை அள்ளிப் போட்டார்.

றுவைஸ், அண்ணனை நானா என்று கூப்பிடுகிற கிண்ணியாக்காரர், இவரோடு ஒரே அறையில் சிறையிருந்தவர். அதுவரை நான் அவரைக் கண்டதில்லை. ஒரு பின்னேரம் தயிர்ச் சட்டியோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கித் தான் இன்னார் என்று சொன்னார். இவர் இன்னும் வேலையால் வரவில்லை. றுவைஸ் என்னைப் பார்த்தார், முகமெல்லாம் பல்.

"பவளம் அக்கா நீங்கதானே?"

"ஆர் பவளம்?"

"சும்மா விளையாடாதீங்க அக்கா. ரட்ணம் நானாட பவளத்தைத் தெரியாத ஆள் எங்கட அறையில ஒருத்தரும் இல்ல."

 கதிரையைக் காட்டி இருக்கச் சொல்லிவிட்டு, தேத்தண்ணி ஊற்றும் சாட்டில் குசினிக்குள் போனேன். சீனி பாதி நிலத்தில் கொட்டியது. எவள் அந்தப் பவளம்? எப்போதிருந்து? இவ்வளவு காலம் நான் சமைத்துப் போட்டுக்கொண்டு மடைச்சியாக இருந்திருக்கிறேனா?

தேத்தண்ணியை நீட்டிவிட்டு, எல்லாம் தெரிந்தவள் போலச் சிரித்தேன். "சொல்லுங்கோ தம்பி, என்னைப் பற்றி என்ன கதைச்சவர்?"

அவர் அப்பாவி. முழுவதையும் கொட்டிவிட்டார்.

பவளம் ஒரு படத்தின் கதாநாயகியாம். இளமையில் திருகோணமலைத் தியேட்டரில் பார்த்த படம் என்று சொல்லி, இவர் அந்த அறையில் ஒவ்வொரு பின்னேரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கதை சொல்லியிருக்கிறார். கடலுக்கு நடுவே ஒரு தீவு, தீவில் ஒரு சிறை. உள்ளே, தான் செய்த குற்றத்தை நினைத்து அழுகிற ஒருவன். அவனைப் பார்க்கத் தனியே தோணி வலித்துக்கொண்டு வருகிறாள் பவளம். ஒருநாள் காற்று மாறித் திரும்பிப் போவாள். ஒருநாள் தோணியில் ஓட்டை விழும். இன்னொருநாள் வாசலுக்கே வந்துவிடுவாள், காவல்காரன் துரத்திவிடுவான். அவள் திரும்பிப் போகும்போதெல்லாம் அறை முழுக்க அழுமாம், கொலை செய்துவிட்டு வந்தவன் உட்பட.

"நல்ல உயரமாம், கறுப்பாம், மீன் மாதிரி நீந்துவாவாம்," என்றார் றுவைஸ். "நானா அந்தப் படத்து நாயகிக்கு அவர்ட பொஞ்சாதிட பேரை வச்சுத்தான் சொல்றாரு எண்டு நாங்க எல்லாரும் நினைச்சம்."

நான் கட்டை. நிறம் வெள்ளை. கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். "அங்க ஒரு கட்டத்தில எனக்கு வாழ்க்கையே வெறுத்துப் போச்சு அக்கா. முடிச்சுக்கொள்ளுவம் எண்டுதான் இருந்தன். அண்டைக்குப் பவளம் வாசல்ல வந்து நிக்கிறா. கதவு திறக்குமா இல்லையா எண்டு நானா நாளைக்குத்தான் சொல்லுவாரு. சரி, அதைக் கேட்டுட்டுச் சாவம் எண்டு நினைச்சன். அப்படியே நாள் போயிட்டுது. ஆனா முடிவு கேக்க முந்தி என்னை வேற இடத்துக்கு மாத்திட்டாங்க. வெளியில வந்து அந்தப் படத்தை நான் தேடாத இடமில்ல."

ஓர் உயிர் பிழைத்த கதை. இரக்கம் உள்ளவள் உருகியிருப்பாள். நானோ, உயரமாமே, உயரமாமே என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன்.

இவர் வந்தார். இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். றுவைஸ் கேட்ட முதல் கேள்வி, "நானா, பவளம் உள்ள போனாளா இல்லையா?"

இவர் தலையைச் சொறிந்தார். "அப்படி ஒரு படமே இல்லையடா தம்பி. அண்டண்டைக்கு நான் கட்டிச் சொன்னது. முடிவு எனக்கே தெரியாது."

றுவைஸ் வாயைப் பிளந்தார். பிறகு இவருடைய முதுகில் ஓங்கி ஒரு போடு போட்டார். "அட பாவி நானா! இல்லாத பொம்பிளைக்காகவா நான் உயிரோட இருந்தன்?" சிரித்த சிரிப்பில் கண்ணீர் வழிந்தது. மோட்டார் சைக்கிளில் ஏறும்போதும் சிரித்துக்கொண்டுதான் போனார்.

வாசல் படலையைச் சாத்தும்வரை பொறுத்திருந்தேன்.

"படம் இல்லையெண்டா, அவள் ஆர்?"

"ஒருத்தியும் இல்லை ரூபி. சும்மா கற்பனை."

"கற்பனையில வாறதுக்கு நான் காணாதோ? உயரமா ஒருத்தி தேவைப்பட்டதோ? பஸ்ஸில இடிபட்டு வந்தவள் நான். உங்களுக்கு உள்ளுக்கு நம்பிக்கை தந்தவள் அவளோ? என்னைப் பற்றி அந்தப் பொடியளிட்ட ஒரு சொல்லாவது கதைச்சனீங்களோ?"

"இல்லை," என்றார்.

அவ்வளவு கதை கட்டிய மனுசனுக்கு அந்த நேரம் பார்த்து ஒரு பொய் வரவில்லை. 

"கதை ஓடவேணுமெண்டா அவள் உள்ளுக்கு வரக் கூடாது," என்று மெதுவாகச் சொன்னார். "ஒவ்வொரு நாளும் அவளைத் திருப்பி அனுப்பவேணும். அப்பதான் பொடியள் நாளைக்கு எண்டு பார்த்துக்கொண்டு இருப்பாங்கள். முதல் நாள் மனசுக்குள்ள உன்னை வச்சுத்தான் கட்டத் தொடங்கினனான். வாசலில இருந்து உன்னைத் திருப்பி அனுப்ப எனக்கு வாய் வரேல்ல. அதாலதான் உன்னைப்போல ஒண்டுமே இல்லாத ஒருத்தியாச் செய்தனான்."

வேறொருத்தி என்றால் அந்த இடத்திலேயே குளிர்ந்திருப்பாள். எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. என்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கதையில் இல்லை, உண்மையில். கடதாசி சரியில்லை என்று ஒருதரம். உள்ளே ஏதோ குழப்பம், இன்றைக்குப் பார்க்க ஏலாது என்று ஒருதரம். காரணமே சொல்லாமலும் அனுப்பியிருக்கிறார்கள். பஸ் நிலையத்து நாய்க்கு மீன் பொரியலைப் போட்டுவிட்டு ஊர் திரும்புவேன். அடுத்த மாதம் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, காய்ச்சல், வர ஏலாமல் போய்விட்டது என்று சொல்லுவேன். உள்ளே இருக்கிறவரின் மனதை எதற்கு நோகடிக்க வேண்டும் என்று.

"பவளம் திரும்பிப் போனதுக்கு ஒரு அறையே அழுதிருக்கு," என்றேன். "நான் திரும்பி வந்ததுக்கு ஆர் அழுதது?"

"நீ எப்ப திரும்பிப் போனனீ?"

காய்ச்சல் என்று நான் சொன்ன மாதங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவருக்கு எல்லாமே நினைவிருந்தது.

"அப்பவெல்லாம் நீ என்னை வெறுத்திட்டாய் எண்டெல்லோ நினைச்சனான்," என்றவர், எஞ்சின் ஒயில் பிடித்த சேட்டோடு அப்படியே கதிரையில் இருந்து அழத் தொடங்கினார். தேற்றலாம் என்று கிட்டப் போன நான், பிறகு வேண்டாம், நன்றாக அழட்டும் என்று விட்டேன். அது எனக்காக அழுத அழுகை. அதில் பவளத்துக்குப் பங்கில்லை.