பி.எஃப். பணமும் பொன்னேரி மனையும்

போன செவ்வாய்க்கிழமை காலை, ராயபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஐ.சி.யு. வாசலில் நானும் சேவியரும் நின்றுகொண்டிருந்தோம். உள்ளே அவன் மனைவி மேரி. மாரடைப்பு. உடனே ஸ்டென்ட் வைக்க வேண்டும், முதலில் மூன்று லட்சம் கட்டுங்கள் என்றார்கள்.

சேவியர் என் பால்ய சிநேகிதன். திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்து, போன வருடம் ரிட்டயர் ஆனவன். வந்த பி.எஃப். பணம் முழுவதையும் பொன்னேரி தாண்டி ஒரு மனையில் போட்டிருந்தான்.

போடச் சொன்னது யார் தெரியுமா? நான்தான்.

பேங்க்கில் கிடந்தால் கரைந்துவிடும், நிலம் என்றால் ஏறிக்கொண்டே போகும் – காலடிப்பேட்டை டீக்கடையில் பெரிய மேதை மாதிரி சொன்னேன். மெடிக்கல் இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கம்பெனி கொடுத்த இன்ஷூரன்ஸ் வேலையோடு போய்விட்டது என்பதே ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது.

மனையை முடித்துக்கொடுத்த புரோக்கருக்கு போன் போட்டேன். நல்ல இடம்தான், பத்திரமும் சுத்தம், ஆனால் வாங்க ஆள் கிடைக்க மூன்று மாதமாவது ஆகும் என்றார். இன்றைக்கே பணம் வேண்டும் என்றேன். பார்க்கிறேன் என்று போனை வைத்துவிட்டார்.

சேவியர் என்னைத் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

"நெலம் கீது மாமு... கையில ஒண்ணும் இல்லியே" என்றான். அவ்வளவுதான்.

என்னிடம் இருந்ததைச் சேர்த்தும் பாதி தேறவில்லை. மேரிக்கு ஏதாவது ஆகிவிட்டால்? இவன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

காப்பாற்றியது அவன் தம்பி அந்தோணி. காசிமேட்டில் ஃபைபர் போட் வைத்திருக்கிறான். விஷயத்தைக் கேட்டவன், மீன் ஏலம் எடுப்பவரிடம் போட்டை அடமானம் வைத்து, ஒரு மணி நேரத்தில் பணத்தோடு வந்து நின்றான். சட்டை முழுக்க மீன் செதில்.

மேரி பிழைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன்.

"அண்ணே, அந்த மனைய நான் இன்னும் பாக்கவே இல்ல. ஒருநாள் இட்டுகினு போங்கண்ணே" என்றாள்.

அதை விற்கச் சொல்லிவிட்டோம் என்பதைச் சேவியர் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நான் தலையை ஆட்டிவைத்தேன்.

மனையைக் கேட்டு இதுவரை ஒருவரும் வரவில்லை. விற்காவிட்டால் அந்தோணியின் போட் போய்விடும். போன் அடித்தாலே புரோக்கரா என்று ஓடிப்போய்ப் பார்க்கிறேன்.

நிலம் வாங்குவது தப்பா? இல்லை. ஆனால் விற்பதற்கு மனை மூன்று மாதம் கேட்கும். நெஞ்சுவலி மூன்று மணி நேரம்கூடத் தராது.

என் பி.எஃப். பணம் இன்னும் இரண்டு வருடத்தில் வரும். தயவுசெய்து யாரும் யோசனை சொல்லாதீர்கள்... முக்கியமாக, என்னைப் போல நல்ல மனசுக்காரர்கள்!