ஜப்பான்காரம்மாவின் தறி

ராயபுரம் கரையில் குனிந்து ஒரு கூடைச் சங்கரா மீனைப் புரட்டிக்கொண்டிருந்தேன். யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினால் ஒரு ஜப்பான்காரி. வெள்ளைக் கவுன், தலையில் ஒரு துண்டு, காலில் ஆம்பிளைச் செருப்பு. என் விரல்களை விரித்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் முகர்ந்தாள்.

"இன்னாமே, உன் கைய மீனுன்னு நெனச்சிட்டாளா?" என்று மீன்காரி சிரித்தாள்.

ஜப்பான்காரி சிரிக்கவில்லை. என் கையை விட்டுவிட்டு, காற்றிலே எதையோ முக்கி, எடுத்து, முறுக்கிப் பிழிந்து, உதறிக் காட்டினாள். அந்த முறுக்கு நூலுக்குச் சாயம் போடுகிறவர்களுக்கு மட்டும் வரும். துணி துவைக்கிறவர்கள் அப்படி முறுக்க மாட்டார்கள். நான் தலையாட்டினேன். உடனே என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, விட்டால் ஓடிவிடுவேன் என்பதுபோலத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

எங்கள் வீடு திருவொற்றியூரில் இருந்தது. நாங்கள் கைலி நெய்கிறவர்கள். அப்பா சாயத்தாழி வைத்திருந்தார். அவர் போன பிறகு தறி அண்ணன் கைக்கும் தாழி என் கைக்கும் வந்தது. சீமையிலிருந்து ரசாயன நீலம் மலிவாகக் கிடைத்த காலத்திலும் எங்களுக்கு நூல் கொடுத்த முதலாளி அவுரிச் செடி நீலம்தான் கேட்பார். கடல் தாண்டி வாங்குகிறவர்கள் துணியை முகர்ந்து பார்த்துத்தான் எடுப்பார்களாம். அதனால் என் கை முழங்கைவரை எப்போதும் நீலமாகவே இருக்கும். என்னைக் கட்டியவன் ரங்கூனுக்குப் போனவன் திரும்பவில்லை. அண்ணி எனக்குச் சோற்றை எட்ட இருந்துதான் போடுவாள். "அந்தக் கையால சட்டியத் தொடாதே, புள்ளைங்க துன்ற சோறு" என்பாள். அந்தக் கை பிழிந்த நூலில்தான் அந்தச் சோறு வந்தது.

ஜப்பான்காரம்மாவின் புருஷன் ஒரு துணிக் கம்பெனிக்கு ஏஜெண்டாக வந்திருந்தார். துறைமுகத்தில் இறங்குகிற துணிப் பேல்களை வாங்கிக் கிடங்கில் அடுக்கி பஜாருக்கு விற்பது அவர் வேலை. மாதாகோயில் தெருவில் மாடி வீடு. அதன் பின்கட்டில் அவள் தாழி வைக்கச் சொன்னாள். எங்கள் வழி அவளுக்குத் தெரியாது, அவர்கள் வழி எனக்குத் தெரியாது. தாழியைப் புளிக்க வைக்க நான் சுண்ணாம்பும் தகரை விதையும் கொண்டுபோனேன். அவள் சாம்பலைக் கரைத்துத் தெளிய வைத்த தண்ணீரும் கோதுமைத் தவிடும் எடுத்து வைத்திருந்தாள். இரண்டையும் சேர்த்துத்தான் போட்டோம். சில நாள் கழித்துத் தாழி நுரை கட்டி, மேலே செம்புத் தகடுபோல ஆடை படர்ந்தது. நூலை முக்கி எடுத்தால் பச்சை. காற்றுப் பட்டதும் நீலம். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

தறியை ராயபுரத்து ஆசாரி ஒருவர் அவள் வரைந்து கொடுத்த படத்தைப் பார்த்துச் செய்தார். குழிக்குள் காலை விட்டு மிதிக்கிற எங்கள் குழித்தறிபோல இல்லை அது. பாவின், அதாவது நீளவாட்டு நூலின், ஒரு முனை மரத்தில் இருக்கும், இன்னொரு முனையை அவள் இடுப்பில் பட்டை கட்டி அதோடு சேர்த்துக்கொள்வாள். அவள் சாய்ந்தால் பாவு இறுகும், குனிந்தால் தளரும். எழுந்திருக்க வேண்டுமென்றால் முதலில் அவிழ்க்க வேண்டும். நெய்வதற்கு முன்னாலேயே நூலை அங்கங்கே இறுக்கிக் கட்டிச் சாயத்தில் போடுவாள். கட்டின இடம் வெள்ளையாக நிற்கும். நெய்ய நெய்ய அந்த வெள்ளைகள் ஒன்றுசேர்ந்து பறவையாகும், ஓரம் கலங்கின சின்னச் சின்னப் பறவை. நம் கரையில் அலைமேல் தாழப் பறக்கிறவை அப்படித்தான் தெரியும்.

அவள் பேசிய தமிழெல்லாம் என்னிடமும் மீன்காரிகளிடமும் பிடித்தது. "அக்கா, தாழி நல்லா கீது" என்பாள். எனக்குச் சிரிப்பு வரும். என்னை அக்கா என்று கூப்பிட அந்த ஊரில் வேறு யாரும் இல்லை.

அவள் புருஷனுக்கு, நாங்கள் துரை என்று கூப்பிடுகிறவருக்கு, இது பிடிக்கவில்லை. அவர் தமிழ் வேறு மாதிரி, வாத்தியார் வைத்துப் படித்தது. சத்தம் போடமாட்டார். ஒருநாள் விருந்துக்கு ஆட்கள் வருவதாக இருந்தது. என்னைக் கூப்பிட்டு, "இவளுடைய கைகளைத் தேய்த்து வெண்மையாக்குங்கள். பட்டிக்காட்டுக் கைகள் மேசையில் தெரியக்கூடாது" என்றார். செங்கல் பொடியும் எலுமிச்சம்பழமும் அவரே வாங்கி வைத்திருந்தார். நீலம் அப்படிப் போகாது என்று சொன்னேன். "தேயுங்கள்" என்றார். நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். நான் தேய்த்தேன். விரல் கணுவெல்லாம் தோல் உரிந்தது. எலுமிச்சை பட்டபோது அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள், கையை இழுக்கவில்லை. கடைசியில் அவர் பார்த்துவிட்டு, "போதும், கையுறை போட்டுக்கொள்ளட்டும்" என்று எழுந்து போனார். உறை முதலிலேயே போட்டிருக்கலாம்.

அதே துரை கொஞ்ச நாளில் மாறினார். பஜாரிலிருந்து கைலி வியாபாரி ஒருத்தர் வீட்டுக்கு வந்தவர், கொடியில் காய்ந்த பறவைத் துணியைப் பார்த்துவிட்டு, "இது இன்னா சரக்கு தொரை? இது வந்தா அள்ளிகினு போவான்" என்றார். அன்று சாயங்காலம் துரை மாடிக்கு வந்து மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். அவர்கள் பாஷையில் மெதுவாகப் பேசினார். அவள் முகம் மலர்ந்துபோயிற்று. தறியிலிருந்து ஒரு முழுத் துண்டை அறுத்து, மடித்து, இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் அதை ஜப்பானுக்கு அனுப்பினார். யாரோ பெரிய மனிதர் பார்க்க ஆசைப்பட்டாராம், அவளிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார். மிச்சம் விழுந்த ஒரு சின்னத் துண்டை அவள் எனக்குக் கொடுத்தாள். வீட்டுக்குக் கொண்டுபோனதும் அண்ணி பிடுங்கித் தன் பிள்ளைக்குத் தலையணை உறை தைத்துவிட்டாள்.

மழைக்காலம் போனபின் ஒருநாள் நானும் அவளும் கரைக்குப் போனோம். எதிரே ஒரு துறைமுகக் கூலி வந்தான். இடுப்பில் பறவைக் கைலி. அவள் ஓடிப்போய் அவன் முன்னால் மண்டியிட்டாள். அவன் பயந்துபோய், "ஏய், இன்னாமே பண்றே?" என்று கத்தினான். அவள் ஓரத்தைப் பிடித்து உள்பக்கம் திருப்பினாள். உள்ளே வெள்ளை. ஒரே பக்கம் அச்சடித்தது. நெய்ததானால் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும். எச்சில் தொட்டுத் தேய்த்தாள், விரலில் நீலம் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்து பட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு நெய்ய உட்கார்ந்தாள்.

துரையின் கிடங்கிலிருந்து வந்த அந்தக் கைலி விற்ற விலைக்கு எங்கள் ஆட்களால் நூல்கூட வாங்க முடியாது. எங்கள் முதலாளி நூல் கொடுப்பதை நிறுத்தினார். தெருவில் ஒவ்வொரு தறியாகச் சத்தம் நின்றது. அப்போதுதான் அண்ணி அந்தத் தலையணை உறையைக் கிழித்துக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டான் வாங்கி வந்திருந்த புதுக் கைலியையும் வாங்கி வந்து இரண்டையும் அண்ணன் முன்னால் விரித்தாள்.

"பாத்துக்கோ. உன் தங்கச்சி எங்க வேலைக்குப் போறான்னு இப்பவாச்சும் தெரிஞ்சுக்கோ."

அண்ணன் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தான். "நீ கட்டின நூலா இது?" என்று என்னைக் கேட்டான்.

"அந்தம்மா கட்டினது. நான் சாயம் போட்டேன். அச்சடிச்சு வரும்னு அதுக்கே தெரியாது அண்ணே. தொரை பண்ண வேலை."

"தெருவே பட்டினி கெடக்குது. நீ அவளுக்குப் பரிஞ்சு பேசறியா?" என்று அறைந்தான். காது அடைத்துப்போயிற்று. அண்ணி கதவைச் சாத்தினாள், தெருவில் கேட்கக்கூடாது என்று.

மறுநாள் காலையில் நான் வேலைக்குப் போனபோது எனக்குப் பின்னாலேயே அண்ணனும் தெரு ஆட்களும் வந்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. வாசலில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால் துரை கேட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறார், அவர்கள் அந்தப் பக்கம்.

"கிடங்கு சாவியக் குடு தொரை. இல்லன்னா ஒடைச்சிகினு உள்ள பூந்துடுவோம்" என்றான் அண்ணன்.

துரை அவசரப்படவில்லை. "கிடங்கு கம்பெனியுடையது. அந்தப் பறவை என் மனைவி நெய்தது. தறி மாடியில் இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். அவரே கேட்டைத் திறந்துவிட்டார்.

நான் மாடிக்கு ஓடினேன். அவள் தறியில் இருந்தாள். பட்டையை அவிழ்க்கக் கைவைப்பதற்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள். வந்தவர்கள் வாசற்படியிலேயே நின்றார்கள். எல்லோரும் நெய்கிறவர்கள். பாவு ஏறியிருக்கிற தறியைத் தாண்டி யாரும் காலெடுத்து வைக்கவில்லை. ஒரு கிழவர், "வேணாம்பா, பாவு மேல கீது" என்றார். அண்ணன் என் கையைத் தட்டிவிட்டு உள்ளே போனான். மடியிலிருந்து நூல் அறுக்கும் கத்தியை எடுத்து பாவை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே இழுப்பாக இழுத்தான். அவள் சாய்ந்திருந்தாள். பாவு போனதும் பின்பக்கமாகப் போய் சுவரில் மண்டை இடித்தது. பட்டை இன்னும் இடுப்பிலேயே இருந்தது, அறுந்த நூலெல்லாம் மடியில் தொங்க.

அதற்கப்புறம் மற்றவர்களுக்கும் தைரியம் வந்துவிட்டது. மரத்தை மிதித்து ஒடித்தார்கள். துரை படியில் நின்று, "கண்ணாடி அலமாரி, கவனம்" என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

அண்ணன் பின்கட்டுக்கு இறங்கினான். தாழி மூடியைத் தூக்கி, விரலை விட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்தேன். நல்ல தாழி என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டுத் தாழி நூல் படாமல் நுரை அடங்கிச் செத்துப்போய் ஒரு மாதமாகியிருந்தது. காலால் உதைத்துச் சாய்த்தான். வாசல்வரை பச்சையாக ஓடி, ஓட ஓட நீலமாயிற்று.

அவர்கள் போனபிறகு அவள் தரையில் தவழ்ந்து நூல்களைப் பொறுக்கினாள். நானும் குனிந்து பொறுக்கினேன். என் கையில் ஓங்கி அடித்தாள்.

"நீ கூட்டினு வந்தே."

"சத்தியமா இல்லம்மா. எனக்குத் தெரியாது."

"நீ கலீஜ். போ. போமே."

அந்த 'மே' நான் கற்றுக்கொடுத்தது. தலையில் ரத்தம் காதுவரை வந்திருந்தது. துணி நனைத்துக் கட்டப் போனேன், கிட்ட விடவில்லை. துரை கீழே இருந்து, "நாளை முதல் வரவேண்டாம்" என்றார்.

அடுத்த கப்பலில் அவளை அனுப்பிவிட்டார் என்று மீன்காரி சொன்னாள். துறைமுக கேட்டு வரைக்கும் அவள் கையில் உறை போட்டிருந்ததாம். வழியனுப்ப அவர் வரவில்லை. கிடங்கு அப்படியே இருந்தது, ஒரு பூட்டுகூட உடையவில்லை. பறவைக் கைலி இன்னும் இரண்டு நிறத்தில் வந்தது.

எங்கள் தெருவில் நூல் திரும்ப வரவே இல்லை. தறிகளை விறகுக்கு விற்றார்கள். அண்ணன் துறைமுகத்தில் பேல் தூக்கப் போனான். யார் பேல் என்று கேட்டுத் தூக்குகிற வேலை இல்லை அது. ஒருநாள் கிரேன் சங்கிலி நழுவி ஒரு பேல் அவன் இடுப்பில் விழுந்தது. வண்டியில் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அண்ணி கொஞ்ச நாள் பார்த்தாள். பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது என்னிடம், "உன்னாலதான் இதெல்லாம், நீயே அள்ளிக் கொட்டு" என்றாள். நான் காலையில் கரையில் இறால் உரிக்கப் போவேன். பகலில் வந்து அவனைத் துடைத்து, சோறு ஊட்டுவேன்.

ஒரு மத்தியானம் அவனாகவே கேட்டான்.

"அந்தத் தறியில ஒரு கயிறு இருந்திச்சே. முனையில சுருக்கு போட்டு. அது இன்னாத்துக்கு?"

நான் துணியைப் பிழிந்து அவன் முதுகைத் துடைத்தேன்.

"கால் மிதி ஒண்ணும் காணோம். ஒடைக்கறப்பவே பாத்தேன். மிதியே இல்லாம எப்டி நூலப் பிரிச்சா அவ?"

"தெரியாது."

"நீ பக்கத்துலயே தானே குந்திகினு இருந்தே."

"கவனிக்கல."

அதை அவனால் விட முடியவில்லை. தினமும் கேட்டான். கட்டில் கயிறு ஒன்றை உருவித் தலைமாட்டுச் சட்டத்தில் கட்டி, கையாலேயே இழுத்து இழுத்துப் பார்த்தான். கயிற்றை இழுத்தால் அச்சுச் சீப்பு வந்து குறுக்கு நூலை அடிக்கும் என்று அவன் கணக்கு. அது தப்பு. சுருக்கில் அவள் வலது காலை மாட்டிக்கொள்வாள். காலைப் பின்னால் இழுத்தால் நூல் பிரியும், விட்டால் மூடும். ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். அவன் கண்ணை மூடிக்கொண்டு விரலை மடக்கி நீட்டி யோசித்துக்கொண்டிருந்தான். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"சொல்லுமே. ஒரே ஒரு வாட்டி" என்றான்.

நான் சோற்றை உருட்டி அவன் வாயில் வைத்தேன். அவன் மென்றுகொண்டிருக்கும்போதே தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன்.